விளக்கு இருக்கிறது, ஆடு வேண்டும்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து, பெரிய வீட்டு அறக்கட்டளையின் அறங்காவலர்களுக்கு.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் மேலாளர் ஊருக்கு வந்திருந்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டிய திடலை டேப் பிடித்து அளந்தார். பெரிய ஐயாவின் நூற்றாண்டுக்கு அங்கே ஒரு நினைவு மண்டபமும், மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் ஓர் அலங்கார வளைவும் வரப்போவதாகச் சொன்னார். அதே பேச்சோடு பேச்சாக, மாலை வகுப்பு ஆசிரியைக்கு ஜூன் முதல் சம்பளம் கிடையாது, நிர்வாகச் செலவைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். இந்த இரண்டையும் ஒரே நாளில் கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தனியாகத் தபாலில் அனுப்பாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவது உங்களைச் சங்கடப்படுத்த அல்ல. இது ஊர்ப் பொதுக் காரியம், ஊர் அறியப் பேசுவதுதான் முறை என்று நினைக்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. என் அப்பா உங்கள் பண்ணையில் ஆளாக இருந்தவர். அம்மா உங்கள் வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்தவர். 1977-இல் நான் பழைய பதினோராம் வகுப்பு தேறியபோது, ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று எங்கள் பள்ளி சார் சொன்னார். வீட்டில் வழியில்லை. உங்கள் பாட்டியம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று அப்பா என்னை அழைத்துக்கொண்டு போனார்.

அப்பா அந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாகப் போய்த்தான் பழக்கம். அன்றைக்கு அந்த அம்மா வாசல் பக்கம் வரச் சொல்லிவிட்டார்கள். அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவிலேயே நின்றுவிட்டார். நான் மட்டும் திண்ணை வரைக்கும் போனேன். "கணக்கில் எவ்வளவு?" என்று கேட்டார்கள். எண்பத்திரண்டு என்றேன். நீளமான கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து என் பெயரை எழுதினார்கள். பெயருக்கு நேரே தொகை எதுவும் போடவில்லை. "படிப்பு முடியும் வரை" என்று எழுதினார்கள். நான் தலைகீழாகப் படித்தேன். இரண்டு வருடமும் மாதா மாதம் ஐந்தாம் தேதிக்குள் விடுதிக்கு மணியார்டர் வந்துவிடும். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. அந்தக் கூப்பன்களை இன்னும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்டபோது எனக்கு ஏழு வயது. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட காலம் அது. எங்கள் தெருவில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. அந்த அறுவடையில் உங்கள் வீட்டில், யாரும் திரும்பக் கேட்பதற்கு முன்னால், கூலி நெல்லைக் கூட்டி அளந்தார்கள் என்று அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கொடுத்தது பயத்திலா, மனசாட்சியிலா என்று நான் கேட்டிருக்கிறேன். "அளந்த நெல்லு உலைக்குப் போச்சு, அது போதும்" என்பார். உங்கள் அறக்கட்டளையின் நிலத்தைப் பற்றியும் ஊரில் இரண்டு விதமாகப் பேச்சு உண்டு. 1961-இல் நில உச்சவரம்புச் சட்டம் வந்து 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றாகி, 1970-இல் அது 15 ஆகக் குறைந்தபோது, நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் தர்மத்துக்கு எழுதி வைத்தார்கள் என்பது ஒரு பேச்சு. இல்லை, அந்த அம்மாவின் விருப்பம் அதுதான் என்பது இன்னொன்று. எனக்கு இதில் ஆராய்ச்சி வேண்டாம். எந்த எண்ணத்தில் எழுதியிருந்தாலும், பத்திரத்தில் தர்மம் என்று எழுதிவிட்டால் அது தர்மம்தான். அந்தத் தர்மத்தில் படித்தவள் நான்.

அப்புறம் கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலை புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதும் எங்கள் ஊரில் நின்ற தென்னையை விட விழுந்த தென்னை அதிகம். கூரை இல்லை, கரண்ட் இல்லை, தண்ணீர்த் தொட்டியில் ஏற்ற மோட்டார் ஓடவில்லை. அன்று மத்தியானமே உங்கள் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள். விழுந்த மரத்தையே விறகாக்கி உலை வைத்தோம். முதல் மூன்று நாள் வெறும் புளிச்சோறு. நாலாம் நாள் குழம்பு. மண்டபத்தில் மேலத்தெரு, கீழத்தெரு என்று பந்தி பிரியவில்லை. அதை என் கண்ணால் பார்த்தேன். அரசு நிவாரணம் வந்து சேரும் வரை அந்த அடுப்பு அணையவில்லை. இதையெல்லாம் செய்த குடும்பத்துக்கு எழுதுகிறேன் என்ற நினைவோடுதான் இனி வருவதையும் எழுதுகிறேன்.

மண்டபமும் வளைவும் வேண்டாம். ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

தஞ்சாவூர் பெரிய கோயிலுக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம் கல்வெட்டுப் பக்கம் நிறுத்தி ஒன்றைச் சொல்வேன். ராஜராஜன் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு, வைப்பதென்றால், விளக்கை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஒரு விளக்குக்கு 96 ஆடு கொடுக்கவேண்டும். ஆட்டை இடையர் ஏற்றுக்கொள்வார். அவர் நாள்தோறும் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கவேண்டும். செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகள் வந்துகொண்டே இருப்பதால் மந்தையின் கணக்கு மட்டும் குறையாது. அதற்குக் கல்வெட்டுகளில் உள்ள பெயர் 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடு. எத்தனை அழகான சொல் பாருங்கள். மூலநிதி, வைப்புநிதி என்று இன்று நாம் சொல்வதை ஆயிரம் வருடத்துக்கு முன்னால் எங்கள் மண்ணில் ஆட்டுக்கணக்காகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. கொடுத்தவர் பெயரோடு அந்தக் கல்வெட்டு நிற்காது. ஆட்டை ஏற்று நெய் அளக்க ஒப்புக்கொண்ட இடையர் பெயர், அவருடைய ஊர், அவருக்குப் பொறுப்பேற்ற உறவினர் பெயர் எல்லாம் அதே கல்லில் இருக்கிறது. "நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்" கல்லில் வெட்டச் சொன்ன மன்னன் கோயிலில்தான் ஆடு மேய்த்தவர் பெயரும் இருக்கிறது. வீரராஜேந்திர சோழனின் திருமுக்கூடல் கல்வெட்டு 15 கட்டில் உள்ள ஆதுலர் சாலை (மருத்துவமனை) ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. வைத்தியருக்கு எவ்வளவு நெல், மூலிகை கொண்டு வருகிறவருக்கு எவ்வளவு, நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு எவ்வளவு, நாவிதருக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு ஆளாக எழுதி வைத்திருக்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரத்திலும் அதே கணக்குத்தான். வழிப்போக்கருக்குச் சோறு, பிள்ளைகளுக்கு ஆசிரியர், நோயாளிக்கு வைத்தியர். அதைக் கட்டியவர்களுக்குக் கட்டடம் கடைசிக் கவலையாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன்.

நீங்கள் எங்களுக்கு வைத்த விளக்குகளுக்குக் குறைவில்லை. குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, வடிகட்டி மாற்ற ஆள் வராமல் பூட்டிக் கிடக்கிறது. நூலகக் கட்டடம் இருக்கிறது, திறக்க ஆளில்லை. இவற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வேனைப் பற்றிச் சொல்லவேண்டும்.

2014-இல் ஒரு மருத்துவ வேன் கொடுத்தீர்கள். வெள்ளை வண்டி, பக்கவாட்டில் பெரிய வீட்டம்மாவின் பெயர். முதல் மூன்று வருடம் டிரைவருக்கு நீங்களே சம்பளம் கொடுத்தீர்கள். ஊரில் அந்த வண்டியை யாரும் ஆம்புலன்ஸ் என்று சொன்னதில்லை, 'அம்மா வண்டி' என்றுதான் சொல்வோம். அவசரத்துக்கு 108 வரும், அது சரி. ஆனால் மாதா மாதம் செக்கப்புக்குப் போகும் பிள்ளைத்தாய்ச்சியை 108 ஏற்றாது. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்குப் போகிறவரை ஏற்றாது. கண் புரை எடுத்துவிட்டுத் திரும்பும் பாட்டியைக் கொண்டுவந்து விடாது. இதெல்லாம் அம்மா வண்டி செய்தது. அப்புறம் பராமரிப்பை ஊரே பார்த்துக்கொள்ளட்டும் என்று சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டீர்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து ஒன்றரை வருடம் ஓட்டினோம். கஜா வந்தது. அதற்கப்புறம் எந்த வீட்டில் போய்க் கேட்பது? டிரைவர் தம்பி திருப்பூருக்குப் போய்விட்டார்.

வண்டி இப்போது நூலகத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கிறது. நாலு டயரும் காற்றிறங்கி வெடித்திருக்கிறது. எஃப்.சி. முடிந்து, இன்சூரன்ஸ் முடிந்து வருடங்கள் ஆயிற்று. அந்த அம்மாவின் பெயரில் முதல் இரண்டு எழுத்து உரிந்துவிட்டது. நான் வாரத்துக்கு ஒருமுறை போய் எலி கடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். சிகிச்சைக்குக் காசு இல்லை, காப்பீட்டுத் திட்டத்தில் நடக்கிறது. போய் வருவதுதான் செலவு. போகும்போது இரண்டு பஸ் மாறிப் போய்விடுவார். முடித்துக்கொண்டு வரும்போது உடம்பில் ஒன்றும் இருக்காது. பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் அண்ணி மடியில் துண்டை விரித்துத் தலையைச் சாய்த்துப் படுத்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். உட்கார இடம் இருக்கும் பஸ்ஸாகப் பார்த்து மூன்று பஸ்ஸை விட்டிருக்கிறார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்தால் அந்த வாரத்துக் காய்கறி இல்லை. சில வாரம் இரண்டு நாளில் ஒரு நாளை விட்டுவிடுகிறார். விட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், அண்ணிக்கும் தெரியும்.

வண்டி இருக்கிறது ஐயா. ரோடு இருக்கிறது. மருத்துவமனையும் மிஷினும் இருக்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவருக்குக் கொடுக்கும் மாதச் சம்பளம்தான் இல்லை.

எதிர்ப்பக்கம் ஒன்றும் இருக்கிறது, நீங்கள் ஆடும் சேர்த்துக் கொடுத்த இடம். அது அந்த மாலை வகுப்பு. 2012-இல் எங்கள் ஊர்ப் பெண் ஒருவரையே போட்டு, மூவாயிரம் ரூபாயில் தொடங்கினீர்கள். இந்த மே மாதம் வரை ஏழாயிரம். சமுதாயக் கூடத்தில் ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை நடக்கிறது. அதற்கு மண்டபம் இல்லை, பெயர்ப் பலகை இல்லை, ஒரு கரும்பலகையும் இரண்டு டியூப் லைட்டும்தான். அந்தப் பெண்ணின் வருகைப் பதிவேட்டை உங்களில் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான் அத்தனை வருடப் பதிவேட்டையும் உட்கார்ந்து புரட்டினேன். வராத பிள்ளைக்கு 'வ' என்று வட்டம் போடுவதோடு விடவில்லை. ஓரத்தில் பென்சிலால் காரணம் எழுதியிருக்கிறார். 'காய்ச்சல்.' 'அப்பா குடித்துவிட்டு வந்தார்.' 'சீருடை காயவில்லை.' புரட்டாசி மாதப் பக்கங்களில் பாதி 'நடவு' என்றே இருக்கிறது. அம்மா நடவுக்குப் போய் இருட்டித்தான் வருகிறாள், மூத்த பெண் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் 'கைக்குழந்தையோடு வரச் சொல்லியிருக்கிறேன்' என்று இருந்தது. அதற்கடுத்த நாள் அந்தப் பெண்ணுக்கு வருகை போட்டிருக்கிறது.

பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பிள்ளை நாலு நாள் வரவில்லை என்று இவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள், பதினைந்து வயது. இவர் யாரையும் மிரட்டவில்லை. நாலு நாளும் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து பேசினார். அந்தப் பிள்ளை இன்று நர்சிங் முடித்துவிட்டு வேலையில் இருக்கிறது. கட்டடம் எழுந்து போய் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்காராது. அதற்கு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் உங்கள் கணக்கில் 'நிர்வாகச் செலவு' என்று எழுதியிருக்கிறார்கள்.

கம்பெனிகள் கட்டடமாகக் கொடுப்பதற்கு எனக்குக் காரணம் புரிகிறது. 2013-ஆம் வருடக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்கவேண்டும். தொடர் திட்டம் என்றாலும், தொடங்கிய வருடம் நீங்கலாக மூன்று வருடத்துக்குள் முடித்தாக வேண்டும். அவர்களுக்குக் கெடு இருக்கிறது, போட்டோ எடுத்துக் கணக்கை மூடியாக வேண்டியிருக்கிறது. உங்கள் குடும்ப அறக்கட்டளைக்கு அந்தக் கெடு கிடையாது. வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த வருடத் தர்மத்துக்குச் செலவிட்டால் வருமான வரிச் சட்டம் உங்களுக்கு விலக்குத் தருகிறது. அந்தச் செலவு சிமெண்டாகத்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே பாருங்கள். பூண்டி வாண்டையார் குடும்பம் 1956-இல் தொடங்கிய புஷ்பம் கல்லூரி எத்தனை கிராமத்துப் பிள்ளைகளை முதல் பட்டதாரியாக்கியிருக்கிறது. அதற்கு முன்னால் பச்சையப்ப முதலியார் 1794-இல் திருவையாற்றில் காலமானார். அவர் எழுதி வைத்த பணத்துக்காக எத்தனையோ வருடம் வழக்கு நடந்து, 1842-இல்தான் அந்தப் பணத்தில் சென்னையில் பள்ளிக்கூடம் வந்தது. அவ்வளவு காலம் இழுத்தடித்த பிறகும் அந்தத் தர்மம் பிழைத்ததற்குக் காரணம் மூலதனம் கலையாமல் இருந்ததுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்குதானே எனக்குப் படிப்பு வாங்கிக் கொடுத்தது. டிரைவருக்கு மாதம் 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. ஏழு சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 26 லட்சம் மூலநிதி போதும். விலைவாசிக்குத் தகுந்தாற்போல் சம்பளம் ஏறவேண்டும் என்றால் 40 லட்சம் என்று வையுங்கள். ஆசிரியைக்கு அதில் பாதி. மண்டபத்துக்கும் வளைவுக்கும் உங்கள் மேலாளர் வாய்விட்டுச் சொன்ன தொகையில் இரண்டும் அடங்கி, டயருக்கும் டீசலுக்கும் மிச்சம் இருக்கும்.

சம்பளம் என்றால் உங்களுக்குத் தயக்கம் இருக்கும் என்று தெரியும். அந்தத் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. நூலகத்துக்குப் போட்ட ஆள் ஒன்பது மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒன்பது தடவைகூடத் திறக்கவில்லை. அவர் எங்கள் ஊர்க்காரர்தான், நாங்களும் கேட்காமல் இருந்துவிட்டோம். அது எங்கள் தப்பு. சென்னையில் இருந்துகொண்டு நீங்கள் அதைக் கண்காணிக்க முடியாது, மேலாளராலும் முடியாது. பிள்ளையை வகுப்புக்கு அனுப்பும் தாய்மாரால் முடியும். வண்டி வந்ததா, வரவில்லையா என்று டயாலிசிஸுக்குப் போகும் அண்ணனை விட யாருக்கு நன்றாகத் தெரியும்? இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் ஒவ்வொரு தடவையும், எங்கள் ஊருக்காக உங்கள் அறக்கட்டளை செலவழித்த தொகையை வாசியுங்கள். சம்பளம் வாங்குகிறவர் எழுந்து நின்று என்ன செய்தார் என்று சொல்லட்டும். கேட்பதற்கு நாங்கள் இருக்கிறோம். எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேரை, அதில் ஒருவராவது பெண்ணாக, உங்கள் ஆலோசனையில் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைச் சேர்க்கச் சொல்லவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, நாற்பது வயதுக்குள் உள்ளவர்களாகப் பாருங்கள்.

பெரிய ஐயாவின் பெயர் ஊரில் நிற்கவேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் உண்டு. வண்டியின் பக்கவாட்டில் பாட்டியம்மா பெயருக்குக் கீழே அவர் பெயரையும் எழுதுங்கள். அந்தக் கல்வெட்டில் இருப்பது போல, ஓட்டுகிற தம்பியின் பெயரையும் சின்னதாக எழுதுங்கள். திருவாரூர் வரைக்கும் அந்தப் பெயர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை போய்வரும்.

ஜூன் போய் ஜூலையும் முடியப்போகிறது. அந்தப் பெண் சம்பளம் இல்லாமலே வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், "பிள்ளைங்க வந்து உட்காருதுங்க டீச்சர், நான் என்ன பண்றது" என்கிறார். ஆனால் பகலில் அவர் திருத்துறைப்பூண்டியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டார். கடை அடைக்க எட்டரை ஆகும். தீபாவளி நெருங்கினால் முன்னதாகக் கிளம்ப விடமாட்டார்கள்.

ஆகஸ்ட் 15 அன்று கிராம சபை இருக்கிறது. உங்களில் யாராவது ஒருவர் வாருங்கள், மேலாளரை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. முன்வாசல் வழியாகவே வரலாம், எங்கள் வீட்டில் வாசல் ஒன்றுதான். பதிவேடுகளை எடுத்து வைத்திருக்கிறேன். வண்டிச் சாவி எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரச் சொல்லிக் காட்டியும்விட்டேன். என்ஜினில் கோளாறு இல்லை, பேட்டரியும் டயரும் மாற்றினால் ஓடும் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டில் "படிப்பு முடியும் வரை" என்று எழுதப்பட்டவள்
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை